ஸ்பாவுக்கு ஒன்றுவிட்டு ஓர் ஆண்டு

2025 ஜனவரியில் ஃபார்முலா ஒன் நிர்வாகம் பெல்ஜியத்துடன் புதிய ஒப்பந்தம் போட்டது. ஸ்பா-ஃப்ராங்கோர்ஷாம் தடத்தில் 2031 வரை கிராண்ட் பிரி நீடிக்கும் என்றன தலைப்புச் செய்திகள். உள்ளே படித்தவர்களுக்குத்தான் விஷயம் புரிந்தது: 2026, 2027, 2029, 2031. நான்கே ஆண்டுகள். 2028இலும் 2030இலும் ஸ்பாவில் பந்தயம் கிடையாது. ஊர்த் தேர் இனி ஒன்றுவிட்டு ஓர் ஆண்டுதான் ஓடும் என்று வெளியூரிலிருந்து ஓலை வந்தால் ஊரார் மனம் எப்படி இருக்கும்? அந்த ஜனவரியில் ஆர்டென் மலைக்காரர்களின் மனநிலை அதுவாகத்தான் இருந்திருக்கும்.

பெல்ஜியத்தின் கிழக்கே ஆர்டென் காட்டுக்குள் இருக்கிறது இந்தத் தடம். 1920களில் ஃப்ராங்கோர்ஷாம், மால்மெடி, ஸ்டாவ்லோ ஆகிய ஊர்களை இணைத்த பொதுச் சாலைகளே பந்தயச் சாலைகளாயின. பண்ணை வீடுகளும் தந்திக் கம்பங்களும் ஓரத்தில் நிற்க, 14 முதல் 15 கிலோமீட்டர் சுற்று. இன்றைய தடம் அதில் பாதி, 7.004 கிலோமீட்டர். இருந்தும் ஃபார்முலா ஒன் அட்டவணையில் இதைவிட நீளமான தடம் இல்லை. முதல் வளைவைத் தாண்டியதும் கார்கள் பள்ளத்தை நோக்கிப் பாய்கின்றன. அடியில் ஓ ரூஜ் என்ற சிற்றோடை. இரும்புச் சத்தால் செம்மை படிந்த தண்ணீர். பெயரும் அதனால் வந்ததுதான். ஓடையைக் கடந்த கணமே தடம் சுவர்போல் எழுகிறது. இடம், வலம், மறுபடி இடம் என்று வளைந்தேறும் அந்த மேட்டின் உச்சி, கீழிருந்து வரும் ஓட்டுநரின் கண்ணுக்குத் தெரியாது. தொலைக்காட்சிக் கேமரா இந்த ஏற்றத்தைத் தட்டையாக்கிவிடும். நேரில் நிற்பவர்தான் கழுத்தை நிமிர்த்திப் பார்ப்பார். தடத்தின் தாழ்ந்த இடத்துக்கும் உயர்ந்த இடத்துக்கும் சுமார் 100 மீட்டர் வேறுபாடு. ஒரு கோடியில் மழை கொட்ட, மறுகோடியில் வெயில் காய்வது இங்கே வழக்கம்.

இப்படியோர் இடத்தை எந்தப் பொறியாளரும் கணினியில் வரைந்து எழுப்பியதில்லை.

உலக சாம்பியன் பட்டத்துக்கான ஃபார்முலா ஒன் தொடர் 1950 மே 13 அன்று இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் தொடங்கியது. போரின்போது விமானப்படை பயன்படுத்திய தளம் அது. (சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் பந்தயம் விட்டதும் இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளத்தில்தான். போர் முடிந்து சும்மா கிடந்த ஓடுதளங்கள் பல நாடுகளில் கார் பந்தயத்துக்குத் தொட்டிலாயின.) அந்த முதல் பருவத்தில் ஏழே போட்டிகள்: சில்வர்ஸ்டோன், மொனாக்கோ, இண்டியானாபொலிஸ், சுவிட்சர்லாந்தின் பிரெம்கார்ட்டன், ஸ்பா, பிரான்ஸின் ரேம்ஸ், இத்தாலியின் மோன்சா. 2024இல் 24 போட்டிகள். ஏழில் எஞ்சியவை சில்வர்ஸ்டோன், மொனாக்கோ, ஸ்பா, மோன்சா என்ற நான்கு. அந்த நான்கில் ஒன்றுதான் இப்போது முறை போட்டுக் காத்திருக்க வேண்டிய நிலைக்கு வந்திருக்கிறது.

இதற்குக் காரணம் தேடினால் ஓட்டுநர்களிடமோ ரசிகர்களிடமோ போக வேண்டியதில்லை. கணக்குப் புத்தகத்தைத் திறந்தால் போதும்.

ஃபார்முலா ஒன்னுக்குப் பணம் மூன்று பெரிய வாய்க்கால்களில் வருகிறது: ஒளிபரப்பு உரிமை, விளம்பரதாரர்கள், போட்டியை நடத்தும் தடங்கள் கட்டும் கட்டணம். மூன்றாவதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு தடம் தன் ஊரில் பந்தயம் நடத்த ஆண்டுதோறும் ஃபார்முலா ஒன்னுக்குப் பெருந்தொகை கட்டுகிறது. பதிலுக்கு அதன் கைக்கு வருவது பெரும்பாலும் நுழைவுச்சீட்டுப் பணம் மட்டுமே. ஒளிபரப்பு வருமானம் அதற்குக் கிடையாது. தடத்தோர விளம்பரப் பலகைகளின் வருமானமும் பணக்கார விருந்தினர் மாடங்களின் வருமானமும் பொதுவாக ஃபார்முலா ஒன்னுக்கே போகின்றன. நிலம் தடத்துக்காரருடையது, உழைப்பும் அவருடையது, நட்டமும் அவருடையது. விளைச்சலின் பெரும்பங்கு களத்திலிருந்து நேரே வேறொருவர் வண்டியில் ஏறுகிறது. குத்தகை விவசாயத்தை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாட்டை விளக்க வேண்டியதில்லை.

அரசே பின்னால் நிற்கும் நாடுகளுக்கு இது ஒரு பொருட்டல்ல. 2004இல் பஹ்ரைன், 2009இல் அபுதாபி, 2021இல் கத்தாரும் சவுதி அரேபியாவும் அட்டவணைக்குள் வந்தன. இந்த அரசுகள் நுழைவுச்சீட்டு விற்று லாபம் பார்க்க வரவில்லை. நாட்டின் பெயரை உலகத் திரையில் இரண்டு மணி நேரம் நிறுத்துவதற்காக வந்தன. அந்த நோக்கத்துக்குக் கட்டணம் எவ்வளவானாலும் விளம்பரச் செலவுதான். ஆனால் ஏலத்தில் அவர்களுக்குப் பக்கத்தில் நிற்பது காட்டுக்குள் இருக்கும் ஒரு பழைய தடம். நடத்துவது ஒரு கிளப் அல்லது மாநில அரசின் சிறு நிறுவனம். இந்த ஏலத்தில் யார் கை ஓங்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த முடிவு.

சில்வர்ஸ்டோனின் கதை இதை எண்களில் காட்டுகிறது. தடத்தின் உரிமையாளர் பிரிட்டிஷ் பந்தய ஓட்டுநர் சங்கம். 2009இல் அது 17 ஆண்டு ஒப்பந்தம் செய்தபோது, கட்டணம் ஆண்டுக்கு 5 விழுக்காடு ஏறும் என்று எழுதப்பட்டது. கேட்பதற்குச் சின்ன எண். 2010இல் 1 கோடியே 15 லட்சம் பவுண்டாக இருந்த கட்டணம் 2017இல் 1 கோடியே 62 லட்சத்தைத் தொட்டது. 2026இல் இரண்டரைக் கோடி ஆகியிருக்கும். இத்தனைக்கும் உலகிலேயே அதிகக் கூட்டம் கூடும் பந்தயங்களில் அதுவும் ஒன்று. அப்படியிருந்தும் 2015இல் 28 லட்சம் பவுண்டு நட்டம், மறு ஆண்டு 48 லட்சம். அரங்கம் நிறைந்து வழிந்த பந்தயத்திலேயே கை நட்டம் என்றால் கோளாறு ரசிகரிடம் இல்லை, கணக்கில் இருக்கிறது. 2017 ஜூலையில் சங்கம் ஒப்பந்தத்தை இடையில் முறிக்கும் பிரிவைப் பயன்படுத்தியது. பிரிட்டன் பந்தயம் இல்லாத ஃபார்முலா ஒன்னா என்ற பேச்சு எழுந்தது. இரண்டு ஆண்டு இழுபறிக்குப் பின் 2019இல் புதிய ஒப்பந்தம் வந்தது. இன்று அது 2034 வரை நீண்டிருக்கிறது.

சில்வர்ஸ்டோன் பிழைத்தது. முறிப்பேன் என்று சொல்லும் துணிவும், முறித்தால் ஃபார்முலா ஒன்னுக்கே அவமானம் என்ற வலுவும் அதற்கு இருந்தன. பெரும்பாலான அணிகளின் பட்டறைகள் அந்த நாட்டில்தான் இருக்கின்றன. எல்லாத் தடங்களுக்கும் அந்த வலு இல்லை.

ஜெர்மனியைப் பார்க்கலாம். ஏழு முறை உலகப் பட்டம் வென்ற மைக்கேல் ஷூமாக்கர் அந்த நாட்டுக்காரர். நான்கு முறை வென்ற செபஸ்டியன் வெட்டலும் அப்படியே. 2014 முதல் 2021 வரை தொடர்ந்து எட்டு ஆண்டுகள் அணிப் பட்டத்தைப் பிடித்த மெர்சிடிஸ் ஜெர்மானிய நிறுவனம். ஆனால் ஹோக்கன்ஹைமில் கடைசி ஜெர்மன் கிராண்ட் பிரி நடந்தது 2019இல். பெருந்தொற்றுக் காலத்தில் அட்டவணை குலைந்ததால் 2020இல் நூர்பர்க்ரிங்குக்கு ஒரு வாய்ப்பு விழுந்தது. அதற்குப் பின் எதுவும் இல்லை. கட்டணத்தின் இடரைத் தலையில் ஏற்றிக்கொள்ள அங்கே யாரும் தயாராக இல்லை. பிரான்ஸிலும் அதே நிலை. கிராண்ட் பிரி என்ற சொல்லே பிரெஞ்சுக்காரர்களுடையது. 1906இல் லெ மானில் அதை முதலில் நடத்தியவர்கள் அவர்கள். 2022க்குப் பின் பிரான்ஸில் ஃபார்முலா ஒன் இல்லை.

ஹோக்கன்ஹைமில் இன்னொரு காட்சியும் உண்டு. பழைய தடம் அடர்ந்த காட்டுக்குள் நெடுநேர்க்கோடாக ஓடி மறையும். கார்கள் மரங்களுக்குள் புகுந்து, ஓசை மட்டும் தொலைவிலிருந்து வந்து, பின் அரங்கத்துக்குள் வெளிப்படும். 2002இல் தடத்தைச் சுருக்கினார்கள். சுருங்கிய தடத்தில் சுற்றுகள் கூடும், பார்வையாளர் முன்னால் கார்கள் அடிக்கடி வரும், கேமராவுக்கும் வசதி. கைவிட்ட நேர்க்கோட்டின் தாரைப் பெயர்த்தெடுத்து மரக்கன்று நட்டார்கள். இன்று அங்கே போனால் காட்டுக்குள் கொஞ்சம் இளைய மரங்களின் நீண்ட வரிசை தெரியும். அதுதான் பழைய ஹோக்கன்ஹைம். காடு வளர்ந்தது நல்லதுதான். ஆனால் அந்தத் தடத்தை இனி யாரும் மீட்க முடியாது.

வணிகம் என்றாலே கெடுதல் என்று இதிலிருந்து முடிவு கட்டுவது நியாயமாகாது. இன்று மரபு என்று கொண்டாடப்படுவதில் பாதி, நேற்றைய வணிகம் விட்டுப்போனது. 1960களின் பிற்பகுதிவரை கார்களின் நிறம் நாட்டைக் குறித்தது: இத்தாலிக்குச் சிவப்பு, பிரிட்டனுக்குப் பச்சை, பிரான்ஸுக்கு நீலம், ஜெர்மனிக்கு வெள்ளி. 1968இல் லோட்டஸ் அணி பச்சையைக் கழற்றிவிட்டு ஒரு சிகரெட் பெட்டியின் சிவப்பும் வெள்ளையும் தங்கமும் பூசிக்கொண்டது. பழையவர்கள் அதிர்ந்தார்கள். நான்கு ஆண்டுகளில் அதே அணி வேறொரு சிகரெட் நிறுவனத்தின் கறுப்பும் தங்கமும் அணிந்து வந்தது. இன்று எந்தக் கார் அருங்காட்சியகத்தில் நின்றாலும் ரசிகர்கள் அந்தக் கறுப்புக் காரின் முன்னால்தான் படம் எடுத்துக்கொள்கிறார்கள். பிரான்ஸில் ரேம்ஸ் அருகே குவே கிராமத்துச் சாலையோரம் பழைய பந்தயத்தின் பிட் கட்டடங்களும் பார்வையாளர் மேடையும் இன்றும் நிற்கின்றன. 1966க்குப் பின் அங்கே ஃபார்முலா ஒன் வரவில்லை. தன்னார்வலர்கள் வெள்ளையடித்துப் பாதுகாக்கும் அந்தச் சுவர்களில் எழுதியிருப்பவை பழைய விளம்பரப் பெயர்கள்!

அந்தச் சிகரெட் பணம் பிறகு ஸ்பாவையே கடித்தது. 2003இல் பெல்ஜியம் கிராண்ட் பிரி அட்டவணையிலிருந்து விழுந்ததற்குக் காரணம் அந்நாட்டின் புகையிலை விளம்பரத் தடைச் சட்டம். விளம்பரதாரரின் வசதிக்காக ஒரு பந்தயத்தையே விட்டுக்கொடுத்த ஆண்டு அது.

புதிய ஊர்களுக்குப் போவதும் தவறில்லை. போகும் விதத்தில்தான் நன்மையும் தீமையும். 2008இல் சிங்கப்பூர் ஃபார்முலா ஒன்னின் முதல் இரவுப் பந்தயத்தை நடத்தியது. 1910இல் கட்டிய ஆண்டர்சன் பாலத்தின் இரும்பு வளைவுகளுக்குக் கீழே, விளக்கு வெள்ளத்தில் கார்கள் பறந்தன. செலவின் பெரும்பங்கை அரசு ஏற்றது. ஊரின் ஆண்டு விழாக்களில் ஒன்றாகப் பந்தயம் வேர்விட்டுவிட்டது. வெப்பமும் ஈரமும் ஓட்டுநரின் உடலைப் பிழிந்தெடுப்பதால், சிங்கப்பூரில் வெல்வதற்குத் தனி மதிப்பு வந்திருக்கிறது. இதுவும் மரபுதான், இருபது ஆண்டுக்குள் முளைத்த மரபு.

வேர்விடாமல் போன இடங்களின் பட்டியலும் நீளம். மலேசியாவின் செப்பாங் 1999இல் தொடங்கி 2017இல் நின்றது. கட்டணம் ஏற ஏறக் கூட்டம் குறைந்தது, அரசு கையை உதறிவிட்டது. தென் கொரியாவின் யியோங்கம் 2010 முதல் 2013 வரை நான்கே முறை பந்தயம் கண்டது. இந்தியாவின் புத்தா பன்னாட்டுத் தடம் நம் நினைவிலேயே இருக்கிறது. கிரேட்டர் நொய்டாவில் 5.125 கிலோமீட்டர், 2011 அக்டோபரில் முதல் பந்தயம். அதில் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் சொந்த நாட்டு ரசிகர்கள் முன் ஓட்டினார். 2005இல் ஃபார்முலா ஒன்னுக்குள் நுழைந்த முதல் இந்தியர் அவர். மூன்று ஆண்டுகள், மூன்றிலும் வெட்டல் வென்றார், அத்தோடு முடிந்தது. பந்தயம் விளையாட்டா கேளிக்கையா, வரி எவ்வளவு, யாருக்கு என்ற வழக்குகள் மட்டும் தொடர்ந்தன. 2017இல் உச்ச நீதிமன்றம், அந்தத் தடம் ஃபார்முலா ஒன் நிறுவனத்துக்கு இந்தியாவில் நிலையான தொழிலிடமாகவே அமைந்தது, ஆகவே வரி உண்டு என்று தீர்ப்பளித்தது. அதற்குள் பந்தயம் போய் நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. புத்தாவின் வளைவுகளை ஓட்டுநர்கள் பாராட்டினார்கள். ஆனால் வளைவு நன்றாக இருந்தால் மட்டும் போதாது. ஓர் ஊர் பந்தயத்தைத் தன்னுடையது என்று நினைக்கப் பல ஆண்டுகள் வேண்டும். அந்த அவகாசத்தை ஆண்டுக் கட்டணம் தருவதில்லை.

அமெரிக்க ஊடக நிறுவனமான லிபர்ட்டி மீடியா 2017 ஜனவரியில் ஃபார்முலா ஒன்னை வாங்கியது. மொத்த மதிப்பு சுமார் 800 கோடி டாலர். அதுவரை பெர்னி எக்கிள்ஸ்டன் ஏறத்தாழ ஒற்றை ஆளாக ஆண்ட அரசு அது. புதியவர்கள் செய்த நல்ல காரியங்களை மறைக்க வேண்டியதில்லை. 2019இல் வந்த ‘டிரைவ் டு சர்வைவ்’ ஆவணத் தொடர், கார் பந்தயம் பக்கமே திரும்பாத லட்சக்கணக்கானோரை இழுத்து வந்தது. 2021இல் அணிகளின் செலவுக்கு உச்சவரம்பு வந்தது. திவாலின் விளிம்பில் நின்ற சிறு அணிகள் மூச்சு விட்டன. 2017இல் சுமார் 178 கோடி டாலராக இருந்த ஆண்டு வருமானம் 2024இல் சுமார் 340 கோடியானது.

2023 நவம்பரில் லாஸ் வேகஸில் பந்தயத்தை ஃபார்முலா ஒன்னே முன்னின்று நடத்தியது. முதல் நாள் பயிற்சி தொடங்கி எட்டு ஒன்பது நிமிடத்தில், சாலையிலிருந்த ஒரு தண்ணீர் வால்வின் மூடி பெயர்ந்து கார்லோஸ் சைன்ஸின் ஃபெராரியைக் கிழித்தது. சாலை முழுதும் மூடிகளைச் சோதித்து முடிக்க நள்ளிரவு தாண்டியது. இரண்டாம் பயிற்சி அதிகாலை இரண்டரை மணிக்கு நடந்தபோது, பணம் கட்டி வந்த ரசிகர்களை வெளியேற்றிவிட்டிருந்தார்கள். இது விளையாட்டைவிடக் காட்சி என்று ஓட்டுநர் மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் வெளிப்படையாகவே குறைபட்டார். ஆனால் சனிக்கிழமை இரவு நடந்த பந்தயம் அந்த ஆண்டின் நல்ல பந்தயங்களில் ஒன்று. கடைசிச் சுற்றில் ஷார்ல் லெக்ளேர், செர்ஜியோ பெரஸைத் தாண்டி இரண்டாம் இடம் பிடித்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். புதிய தடத்தில் பந்தயமே வராது என்று சொல்பவர்களுக்கு அந்த ஒரு சுற்று போதும்.

எதிர்ப்பக்கத்தில் மொனாக்கோ இருக்கிறது. 1929 முதல் பந்தயம் காணும் துறைமுகத் தெருக்கள். சுற்று 3.337 கிலோமீட்டர். மற்ற பந்தயங்கள் 305 கிலோமீட்டர் ஓட, இதற்கு மட்டும் 260 போதும் என்று விதியே வளைந்து கொடுத்திருக்கிறது. இன்றைய கார்களுக்கு அந்தத் தெருக்கள் குறுகிவிட்டன. 2024இல் முதல் பத்து கார்கள் புறப்பட்ட வரிசையிலேயே முடித்தன. மறு ஆண்டு, இரண்டு முறை சக்கரம் மாற்றியே தீர வேண்டும் என்று சிறப்பு விதி போட்டும் பெரிய மாற்றம் வரவில்லை. இருந்தும் அதை எடுத்துவிடலாம் என்று சொல்பவர்கள் குறைவு. இன்னும் கூடுதலாகச் சொன்னால், நெடுங்காலம் மொனாக்கோ மற்றவர்களைவிட மிகக் குறைந்த கட்டணமே கட்டியது. தன் தொலைக்காட்சிப் படப்பிடிப்பைக்கூட 2022 வரை தானே பார்த்துக்கொண்டது. மொனாக்கோ இருந்தால்தான் ஃபார்முலா ஒன்னுக்கு மினுக்கு என்பதை எல்லோரும் ஒப்புக்கொண்டதற்குக் கிடைத்த சலுகை அது.

ஆக, மரபுக்குத் தனி விலை போடுவது இந்த விளையாட்டுக்குப் புதிதில்லை. ஃபெராரியும் அதற்குச் சாட்சி. 1950 முதல் ஒரு பருவம்கூடத் தவறாமல் ஓடிய ஒரே அணி என்பதற்காக, பரிசுப் பணத்தில் ஃபெராரிக்குக் கூடுதல் பங்கு உண்டு. முடிவு எப்படி இருந்தாலும் அந்தப் பங்கு கிடைக்கும். நியாயம்தான், ஃபெராரி இல்லாவிட்டால் இந்தக் கடையின் பாதிச் சரக்கு போய்விடும். ஆனால் அதே நியாயத்தை மோன்சாவுக்கும் ஸ்பாவுக்கும் பொருத்திப் பார்த்தால் கணக்கு தலைகீழாக நிற்கிறது. பழமைக்காக ஓர் அணிக்குப் பணம் கொடுக்கிறார்கள். அந்த அணி புகழ் சேர்த்த தடங்களிடம் ஆண்டுதோறும் உயரும் கட்டணம் வாங்குகிறார்கள்.

1988 ஆகஸ்டில் அந்த அணியின் நிறுவனர் என்ஸோ ஃபெராரி காலமானார். அந்தப் பருவத்தின் 16 பந்தயங்களில் 15ஐ மெக்லாரன் வென்றது. தவறிய ஒன்று, அவர் இறந்து ஒரு மாதத்துக்குள் மோன்சாவில் நடந்தது. அங்கே ஃபெராரி கார்கள் முதலிரண்டு இடங்களைப் பிடித்தன. அந்த ஞாயிறு வேறெந்தத் தடத்தில் நடந்திருந்தாலும் ஒரு புள்ளிவிவரமாக முடிந்திருக்கும். மோன்சாவில் நடந்ததால்தான் இத்தாலியக் குடும்பங்கள் அதை இன்னும் பேசுகின்றன. பந்தயத் தொகுப்புப் படங்களில் இந்தக் காட்சிகளை ஃபார்முலா ஒன் திரும்பத் திரும்ப விற்கிறது. கத்தாரும் சவுதி அரேபியாவும் கட்டணம் கட்டி வாங்குவதே இந்தப் புகழில் ஒரு பங்கைத்தான்.

மரபைக் காப்பது என்றால் அப்படியே உறைய வைப்பது என்று பொருளில்லை. அதையும் ஸ்பாவே கற்றுக்கொடுத்தது. 1966இல் முதல் சுற்றிலேயே மழையில் சறுக்கிய ஜாக்கி ஸ்டூவர்ட், வளைந்து நெளிந்த காருக்குள், உடலெல்லாம் பெட்ரோலில் நனைந்து சிக்கிக் கிடந்தார். உதவியாளர் யாரும் அருகில் இல்லை. சக ஓட்டுநர்கள் கிரஹாம் ஹில்லும் பாப் பாண்டுரன்டும் பார்வையாளர் ஒருவரிடம் ஸ்பேனர் கடன் வாங்கித்தான் அவரை வெளியே எடுத்தார்கள். அன்று தொடங்கிய ஸ்டூவர்ட்டின் பாதுகாப்புப் போராட்டம் பழைய 14 கிலோமீட்டர் தடத்தை மூட வைத்தது. 1970க்குப் பின் ஃபார்முலா ஒன் அங்கே ஓடவில்லை. 1983இல்தான் சுருக்கிய தடத்துக்குத் திரும்பியது. 2019இல் ஓ ரூஜ் மேட்டின் உச்சியில் ஃபார்முலா டூ ஓட்டுநர் ஆன்டுவான் ஊபேர் உயிரிழந்தார். அதன் பிறகு தடத்தோரம் அகலமானது, சரளைப் பரப்புகள் மீண்டன, புதிய மேடைகள் எழுந்தன. ஸ்பா மாற மறுத்த இடம் இல்லை. மாறியும் தன் முகத்தை இழக்காத இடம்.

பக்கத்து நாடான நெதர்லாந்து வேறொரு பாடம். 1948இல் பிறந்த ஸான்ட்ஃபோர்ட் கடற்கரைத் தடத்துக்கு ஃபார்முலா ஒன் 1985க்குப் பின் வரவில்லை. அந்நாட்டுக்காரரான வெர்ஸ்டாப்பன் எழுப்பிய அலையில் 2021இல் திரும்பியது. மணல்மேடுகளுக்கு நடுவே சாய்தள வளைவுகள், ஆரஞ்சு நிறக் கூட்டம், பெரும்பாலும் ரயிலிலும் சைக்கிளிலும் வந்த ரசிகர்கள். அரங்கம் நிறைந்தது. அப்படியிருந்தும் 2026தான் கடைசி என்று நடத்துவோரே அறிவித்துவிட்டார்கள். அரசுப் பணம் இல்லாமல் தனியார் முதலில் நடத்தும் பந்தயம். கூட்டம் குறையும் ஓர் ஆண்டு வந்தால் தாங்காது என்ற அச்சம். வெற்றியின் உச்சியில் இருக்கும்போதே விலக வேண்டியிருக்கிறது என்றால், இந்த ஏற்பாட்டில் எந்தத் தனியார் தடமும் நிம்மதியாக இருக்க முடியாது.

கார் பந்தய உலகிலேயே மாற்று வழி ஒன்று உயிரோடு இருக்கிறது. லெ மான் 24 மணி நேரப் பந்தயம் 1923இல் தொடங்கியது. அன்று நடத்திய அதே மோட்டார் கிளப்தான் இன்றும் நடத்துகிறது. இண்டியானாபொலிஸ் 500 பந்தயம் அந்தத் தடத்துக்குச் சொந்தம். இந்த இரண்டையும் யாரும் வேறு ஊருக்குத் தூக்கிச் செல்ல முடியாது. அதனால் லெ மானில் வணிகம் படுத்துவிடவில்லை. 2023இல் நூற்றாண்டுப் பந்தயத்துக்கு ஃபெராரி ஐம்பது ஆண்டு கழித்து முதல் பிரிவில் திரும்பி வந்து வென்றது. கார் நிறுவனங்கள் வரிசையில் நிற்கின்றன. இடமும் பந்தயமும் ஒரே கையில் இருந்தால் மரபைப் பேரம் பேச வேண்டிய தேவை எழுவதில்லை.

ஃபார்முலா ஒன்னில் அவை பிரிந்து வெகுநாளாகிறது. கார் பந்தயத்தை ஆளும் பன்னாட்டு வாகனச் சம்மேளனம் தொடரின் வணிக உரிமையை 2011 முதல் 2110 வரை நூறாண்டுக் குத்தகைக்கு விட்டிருக்கிறது. வாங்கிய விலை சுமார் 31 கோடி டாலர். இப்போதைய ஒரே ஆண்டு வருமானம் அதைப்போல் பத்து மடங்குக்கும் மேல். குத்தகைக்காரர் அதிக விலை தருபவரிடம் போவது இயல்பு. அதற்காக லிபர்ட்டியை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. நிலத்தின் சொந்தக்காரர் சில மரங்களை வெட்டக்கூடாது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதவில்லை.

இப்போதும் வழி அடைபடவில்லை. ஒவ்வொரு பருவத்தின் அட்டவணையும் சம்மேளனத்தின் உலக மோட்டார் விளையாட்டு மன்றத்தின் ஒப்புதல் பெற்றே வெளியாகிறது. அந்த ஒப்புதலுக்குச் சில நிபந்தனைகள் வைக்கலாம்: முதல் பருவத்திலிருந்து எஞ்சிய நான்கு தடங்களுக்கு ஆண்டுதோறும் நிலையான இடம். ஏலத் தொகைக்குப் பதிலாக நுழைவுச்சீட்டு வருமானத்தில் ஒரு பங்கு மட்டும் கட்டணம். மாற்றாகப் பாதுகாப்பிலும் வசதியிலும் தடங்கள் செய்ய வேண்டிய வேலைக்குக் கெடு. இதைக் கேட்பதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 24 பந்தயங்களில் நான்கை இப்படி ஒதுக்கினாலும் இருபது இடங்கள் சந்தைக்கு மிச்சம். ஜப்பானில் ஹோண்டா 1962இல் கட்டிய சுசூகா போன்றவற்றுக்கும் பின்னர் அந்தக் கதவைத் திறக்கலாம்.

2028 அட்டவணையும் அந்த மன்றத்தின் மேசைக்கு வந்தே தீர வேண்டும். அதில் ஸ்பாவின் பெயர் இருக்காது. ஒப்புதல் கொடுக்கும் முன் அந்த வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டி ஏன் என்று கேட்கும் பொறுப்பு சம்மேளனத்துக்கு உண்டு. கேட்க வைக்கும் பொறுப்பு உலகெங்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தப் பந்தயத்தைப் பார்க்கும் ரசிகர்களுக்கு உண்டு.